முதுகில் ஒட்டியிருந்தது மஞ்சள்தூள்தானா?

ஈரோடு மாவட்டத்தில் தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் ஓர் அம்மா, கால்நடை மருத்துவரான எனக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். ஆறு பக்கக் கடிதத்தின் சாரம் இது.

அவர் வீட்டில் இரண்டு பூனைகள். காங்கேயம் மாடுகளுக்குச் சொல்கிற நிறப் பெயரையே பூனைகளுக்கும் வைத்திருக்கிறார்கள். சாம்பல் நிற ஆண்பூனை மயிலை, செம்பழுப்பு நிறப் பெண்பூனை செவலை. தை மாதக் கடைசியில், மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப்போட்டிருந்த நாட்களில், ஒருநாள் காலை மயிலை வீட்டுக்குள் வந்தபோது அதன் முதுகிலும் மூக்கிலும் மஞ்சள்தூள் அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தார், முழுதாகப் போகவில்லை. மயிலை வாசற்படியில் உட்கார்ந்து உடம்பை நக்கித் தானே சுத்தம் செய்துகொண்டது. அன்று மதியமே இரண்டு முறை வாந்தி. புல் தின்றிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பொழுது சாய மறுபடி வாந்தி எடுக்கவும், உள்ளே இருப்பது வெளியே வரட்டும் என்று உப்புத்தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் வாந்தி நின்றுவிட்டது. சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் மடமடவென்று குடித்தது. "தேறிக்கிச்சுன்னு நினைச்சோமுங்க" என்று எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள் எழுந்திருக்கவே இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 12.8. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேனும் எடுத்து, "மூத்திரப்பை காலியாக இருக்கிறது, கிட்னி ரெண்டும் வேலை செய்யவில்லை, ஏதோ விஷம்" என்றாராம். நான்காம் நாள் விடியற்காலையில் மயிலை இறந்துவிட்டது. தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் இவர்களுக்குப் பங்காளி முறை. ஒரே குலதெய்வக் கோயில். மார்கழியில் மயிலை அவர் வீட்டுக் கோழிக்குஞ்சு இரண்டைத் தூக்கிவிட்டது. அவர் வேலியோரம் நின்று, "ஒருநாளைக்கு மருந்து வெச்சுப்போடறேன் பாருங்க" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவர்தான் மஞ்சளில் எலிமருந்தைக் குழைத்து மீனில் தடவி வைத்திருக்க வேண்டும் என்று அம்மா உறுதியாக நம்புகிறார். போலீஸில் புகார் கொடுக்கலாமா என்பது முதல் கேள்வி. செவலையை எங்காவது மண்டியில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். கைப்பேசியில் எதையோ படித்துவிட்டு, தோட்டத்தில் இருக்கும் பாதிச் செடிகளை வெட்டச் சொல்கிறாள் மகள். சாமிக்குப் பூப்பறிக்கிற அரளியில் கை வைக்கக் கூடாது என்கிறார் மாமியார். இந்த மூன்று பேரில் யார் சொல்வதைக் கேட்பது என்பது இரண்டாவது கேள்வி.

கடிதத்தோடு தோட்டத்துச் செடிகளின் பட்டியலும் வாசலின் போட்டோ ஒன்றும் வந்திருந்தன. கடைசி வரி இது: "ஏனுங்க டாக்டர், எது ஆகும் எது ஆகாதுன்னு வாயில்லா ஜீவனுக்குத் தெரியாதுங்களா? இத்தனை வருசமா எங்க செடி எதுவும் ஒண்ணும் பண்ணலையே?"

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மயிலை போன துக்கம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. பூனைக்குப் போய் இவ்வளவா என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் நேரில் பார்க்காத உயிர் அது. பிரேதப் பரிசோதனையும் நடக்கவில்லை. அதனால் இதுதான் நடந்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் உங்கள் பட்டியலின் பதினோராவது வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. "ஊட்டியிலிருந்து ஐப்பசியில் வாங்கிவந்த லில்லிக் கிழங்கு, நாலு தொட்டி, கார்த்திகையில் நட்டது. இந்தத் தையில்தான் முதல்முறையாகப் பூத்தது."

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசற்படிக்கு இரண்டு பக்கமும் தொட்டிகள். ஆறு இதழ் விரிந்த ஆரஞ்சுப் பூ. நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் காம்புகளின் நுனியில், செங்கல்லை உரசியது போன்ற நிறத்தில் மகரந்தம். பூனை உரசிக்கொண்டு போகிற உயரத்தில் இருக்கிறது.

அது மஞ்சள் இல்லை என்று ஏன் நினைக்கிறேன்

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மஞ்சள் இன்னும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது என்று. வேகவைத்துக் காயப்போட்ட விரலிமஞ்சளில் அப்பிக்கொள்ளும் அளவுக்குத் தூள் ஏது? பாலிஷ் போடும்போதுதான் தூள் பறக்கும். அதுவும் தட்டினால் உதிரும். லில்லியின் மகரந்தம் எண்ணெய்ப் பசை உள்ளது. துணியில் பட்டால் கறை போகாது என்பதற்காகவே பூங்கொத்து கட்டுகிறவர்கள் அந்த நுனிகளைக் கிள்ளிவிடுவார்கள். முந்தானையால் துடைத்தும் போகவில்லை என்றீர்களே, அந்தச் சேலை இன்னும் துவைக்காமல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கறை மஞ்சளாக இருக்கிறதா, காவி கலந்த பழுப்பாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

லில்லி என்கிற பெயரில் நாம் பல செடிகளைச் சொல்கிறோம். கிழங்கிலிருந்து நேராக ஒரு தண்டு எழும்பி, அதில் சுற்றிலும் இலை விட்டு, உச்சியில் பெரிய பூ பூக்குமே, அதுதான் அசல் லில்லி. நீலகிரியில் பசுமைக்குடிலில் வளர்த்துப் பூங்கொத்துக்கு அனுப்புவதும் இதைத்தான். அதுவும், டே லில்லி என்று நர்சரியில் விற்பதும் பூனையின் சிறுநீரகத்தை நேராகத் தாக்குகின்றன. நாய் தின்றால் வயிற்றோடு போய்விடும். பூனைக்கு மட்டும்தான் இந்தக் கதி. இலை, இதழ், தண்டு, மகரந்தம், பூவை வைத்த ஜாடியில் இருக்கும் தண்ணீர் என்று எதுவும் விலக்கில்லை. ஓர் இலையில் பாதி, அல்லது ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கிய அளவே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

அது நடக்கிற வரிசையும் உங்கள் கடிதத்தில் அப்படியே இருக்கிறது. முதல் 12 மணி நேரத்துக்குள் வாந்தி, சோர்வு. பிறகு வாந்தி நின்று, தேறிவிட்டது போல ஒரு தோற்றம். அந்த நேரத்தில் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும். நிறைய மூத்திரம் போகும், தாகம் எடுக்கும். மடமடவென்று தண்ணீர் குடித்தது இதனால்தான். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் மூத்திரம் சுரப்பதே நின்றுவிடும். ஆரோக்கியமான பூனைக்குக் கிரியேட்டினின் ஏறக்குறைய 2.4-க்குள் இருக்க வேண்டும். மயிலைக்கு 12.8.

எலிமருந்து பொதுவாக இப்படிச் செய்வதில்லை. ரத்தத்தை உறையவிடாத வகை மருந்தாக இருந்தால் மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வரும், ஈறு வெளுத்துப்போகும், மூச்சு வாங்கும். ஜிங்க் பாஸ்பைடு என்றால் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். வாந்தியில் பூண்டு போல ஒரு நெடி அடிக்கும். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து என்றால் வாயில் எச்சில் ஒழுகி, உடம்பு வெடவெடவென்று நடுங்கி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிவிடும். இதில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. ஆண்பூனைகளுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டாலும் கிரியேட்டினின் ஏறும். ஆனால் அப்போது மூத்திரப்பை எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக வீங்கியிருக்கும். உங்கள் டாக்டர் காலி என்று சொல்லிவிட்டார். கண்ணாடி விரியன் கடித்தாலும் சிறுநீரகம் போகும்; கடிபட்ட இடம் வீங்கியிருந்தால் அவர் கையில் தட்டுப்பட்டிருக்கும். மிச்சம் ஒரே ஒரு சந்தேகம். கார், டிராக்டர் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கூலன்ட்டும் பூனையின் சிறுநீரகத்தை இதே போலக் கெடுக்கும். தித்திப்பாக இருக்கும் என்பதால் நாய்கள் விரும்பியே நக்கும். வண்டி நிற்கிற இடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகவில்லை என்றால் என் விரல் அந்த லில்லித் தொட்டியைத்தான் காட்டும்.

வாயில்லா ஜீவனுக்குத் தெரியாதா?

தெரியாது அம்மா. மாட்டுக்கே தெரிவதில்லையே! மழை பொய்த்து வாடிக் கிடக்கும் இளஞ்சோளப் பயிரில் மாடு வாய் வைத்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்துக் குடியானவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக நம் மண்ணில் மேய்ந்த காங்கேயம் மாடே அதைத் தின்றுவிட்டு, அதில் ஊறியிருக்கும் சயனைடு நஞ்சால் விழுகிறது. நேற்று ஊட்டியிலிருந்து பெட்டியில் வந்த கிழங்கைப் பற்றி மயிலைக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். மயிலை எந்தச் செடியையும் தின்றதற்கான அடையாளம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தொட்டி தொட்டியாகப் போய் இலைகளில் பல்தடம் தேடியிருக்கிறீர்கள். நாயாக இருந்தால் அது சரி. பூனையின் விஷயத்தில் நான் ரோமத்தைத்தான் முதலில் பார்ப்பேன். விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கை அது தன்னை நக்கிக்கொள்வதிலேயே கழிக்கிறது. ரோமத்தில் எது ஒட்டினாலும் அது வயிற்றுக்குள் போய்ச் சேரும். வாசற்படியில் உட்கார்ந்து அது தன்னைச் சுத்தம் செய்துகொண்டதாக எழுதினீர்களே, அந்த வரியில் என்னால் சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை.

இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். இத்தனை வருடம் அந்தச் செடி உங்கள் வீட்டில் இல்லை.

உங்களுக்குள் ஓடுகிற கேள்வி எனக்குத் தெரிகிறது: அன்றைக்கே கொண்டுபோயிருந்தால்? மறைக்காமல் சொல்கிறேன். 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் பாட்டில் போலச் சலைன் ஏற்ற ஆரம்பித்து, இரண்டு மூன்று நாள் விடாமல் ஏற்றினால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வாந்தி எடுக்கிற ஒவ்வொரு பூனையையும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் ஒருவரும் இல்லை, பூனை வளர்க்கிற டாக்டர்கள் உட்பட. கிழங்கை விற்றவர் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிய வேறு வழியும் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில், நிச்சயதார்த்தத்துக்கு வந்த பூங்கொத்துக்குள் ஒரு பூனைக்குட்டி ஏறிப் படுத்துவிட்டது. என்னிடம் கொண்டுவந்தபோது ஈரப் பஞ்சால் அதன் மோவாயை ஒற்றி எடுத்தேன்; பஞ்சு செங்காவி நிறமாக மாறியது. அது பிழைத்ததற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்லை. அந்த வீட்டுப் பெண் பூனையின் மேல் பூத்தூளைப் பார்த்த கையோடு, வாந்தி எடுக்கும் முன்னாலேயே, சேலை கூட மாற்றாமல் ஓடிவந்துவிட்டார்.

போலீஸ் புகார் பற்றி

வீட்டுப் பிராணிக்கு விஷம் வைப்பது குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்கு இடம் இருக்கிறது. 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமும் உண்டு. உங்கள் உரிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் புகாரை எதன் மேல் நிறுத்துவீர்கள்? வாந்தி மிச்சம் இல்லை, மீன் துண்டு கிடைக்கவில்லை, புதைத்தும் மூன்று வாரம் ஆகிவிட்டது. இனித் தோண்டி எடுத்தாலும் சிறுநீரகத் திசு பரிசோதனைக்கு ஆகாது. கோபத்தில் சொன்ன ஒரு சொல் மட்டும்தான் கையில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் உங்கள் வாசல் போட்டோவே அவருக்குச் சாட்சியாக நிற்கும்.

அவர் செய்யவில்லை என்று நான் சான்று கொடுக்கவில்லை. செய்தார் என்று காட்ட ஒன்றும் இல்லை, வேறு காரணம் வாசலிலேயே இருக்கிறது, அவ்வளவுதான். கோயில் பொங்கலுக்கு ஒரே அடுப்பங்கரையில் நிற்கப்போகிறவர்கள் நீங்கள். முடிந்தால் அந்த இரண்டு குஞ்சுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அது உங்கள் பக்கத்துக் கடன். செவலைக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துவிட்டால் அது வேலி தாண்டிப் போவதும் பெருமளவு குறையும். குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கும்படி அவரிடம் கேட்டுக்கொள்வதிலும் தவறில்லை.

இனி ஒருநாள், எந்தப் பிராணியாவது சந்தேகப்படும்படி இறந்தால், புதைக்கும் முன்பு பிரேதப் பரிசோதனை கேளுங்கள். உடம்பை ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாகக் கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் உறையவைத்தால் திசு கெட்டுவிடும். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்களுக்கு இரண்டும் போய்வருகிற தூரம்தான்.

எது போக வேண்டும், எது இருக்கலாம்

மகள் சொல்வது பாதி சரி. லில்லி நாலு தொட்டியும் இன்றைக்கே போக வேண்டும். இதில் பேரம் இல்லை. மகரந்த நுனியை மட்டும் கிள்ளிவிட்டால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. இலையும் இதழும் இருக்கின்றனவே.

கிளுவை வேலியில் ஏறியிருக்கும் செங்காந்தளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூலனூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் கொடுத்த கிழங்கு என்றீர்கள். தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் இதைக் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காக ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள். நம் மாநில மலரும் இதுதான். விதையிலிருந்தும் கிழங்கிலிருந்தும் எடுக்கிற கோல்சிசின், யூரிக் அமிலம் கூடி வருகிற மூட்டுவலிக்கு மருந்து. அளவு கொஞ்சம் தாண்டினால் அதே மருந்து உடம்பில் செல்கள் பிரிந்து பெருகுவதையே நிறுத்திவிடும். முதலில் கடுமையான வாந்தி, ரத்தம் கலந்த பேதி. சில நாள் கழித்து எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். பூனைக்கு மட்டும் இல்லை, ஆடு, மாடு, நாய், பிள்ளைகள் எல்லோருக்கும் இது நஞ்சு. கொடி வேலியில் இருப்பதைவிட, பறித்த விதையையும் தோண்டிய கிழங்கையும் திண்ணையில் காயப்போடுவதுதான் எனக்குப் பயம். சர்க்கரைவள்ளி என்று நினைத்து மனிதர்களே கிழங்கைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிற வீடு உங்களுடையது. நானாக இருந்தால் அந்தக் கிழங்கைத் தோண்டிச் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவருக்கு அது பணப்பயிர்.

மாமியார் கவலைப்பட வேண்டாம், அரளி இருக்கட்டும். அதன் ஒவ்வொரு பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுதான். ஆனால் கடுங்கசப்பு, பூனை அதைத் தேடிப் போவதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பழக்கத்தை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். கூடத்தில் உருளியில் தண்ணீர் நிரப்பிச் செவ்வரளிப் பூவை மிதக்கவிட்டிருப்பது போட்டோவின் ஓரத்தில் தெரிகிறது. தன் கிண்ணத்தில் இருக்கும் தண்ணீரை விட்டுவிட்டு அந்த உருளித் தண்ணீரைக் குடிப்பதில் பூனைக்கு ஒரு தனிப் பிரியம். உருளிக்குச் செம்பருத்தியோ செண்டுமல்லியோ போடுங்கள்; அரளி சாமி படத்துக்கு மேலேயே இருக்கட்டும். அரளியைக் கவாத்து செய்தால் வெட்டிய கிளையைத் தட்டுப்போரின் பக்கத்தில் போடாதீர்கள். பச்சையாகத் தொடாத மாடு, வாடிய இலை தீவனத்தில் கலந்திருந்தால் தெரியாமல் தின்றுவிடும். மாடியில் இருக்கிற அடீனியமும் அரளிக்கு உறவுதான். அதை எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடலாம்.

கேட்டின் இரண்டு பக்கமும் நிற்கிற சைகஸ் பனை மாதிரி தெரிந்தாலும் பனை இல்லை. ஈரலைக் கெடுக்கும். விதை மிகக் கொடியது. அதில் ஆபத்து செவலையைவிடத் தோட்டத்து நாய்க்குத்தான் அதிகம். ஆரஞ்சு நிற விதை வந்தால் உதிர விடாமல் அறுத்தெடுத்துவிட வேண்டும். இதைக் கவனித்துக்கொண்டே இருக்க முடியாது என்றால் செடியைக் கொடுத்துவிடுங்கள்.

மணி பிளாண்ட், கூடத்தில் இருக்கும் பீஸ் லில்லி இரண்டிலும் ஊசி மாதிரி நுண்ணிய படிகங்கள் உண்டு. சேப்பங்கிழங்கு சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்குமே, அதே சமாச்சாரம். கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், பிறகு அந்தப் பக்கமே போகாது. பீஸ் லில்லி என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிறுநீரகத்தைத் தாக்கும் நஞ்சு அதில் இல்லை. மழைக்குப் பூக்கிற மழை லில்லியும் அப்படித்தான். கிழங்கைத் தின்றால் வாந்தி வரும், அவ்வளவே. திருஷ்டிக்கு வாசலில் தலைகீழாகக் கட்டியிருக்கும் கற்றாழை எட்டாத உயரத்தில் இருக்கிறது, நல்லது. தின்றால் வாந்தியும் பேதியும் ஆகும். நித்தியகல்யாணியை வேலியோரமாகத் தள்ளி வையுங்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து அதிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்றால் அதன் வீரியம் புரியும்.

துளசி, மல்லிகைப் பந்தல், ரோஜா, செம்பருத்தி, செண்டுமல்லி எதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். புல் கடிக்கிற ஆசை பூனைக்கு எப்போதும் உண்டு. அதற்கென்று ஒரு தொட்டியில் அருகம்புல்லோ கோதுமையோ முளைக்கவிட்டால் மற்ற செடிகளின் பக்கம் போவது குறையும். சோளம் மட்டும் போடாதீர்கள், காரணம் மேலே சொல்லிவிட்டேன். குப்பைமேனியைப் பிடுங்கும்போது செவலை ஓடிவந்து வேரில் முகத்தைத் தேய்த்துப் புரளும், பார்த்திருப்பீர்கள். பூனைவணங்கி என்று நம் முன்னோர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். புரளட்டும், தின்ன விடாதீர்கள்.

செடியோடு சேர்த்து ஒன்று. மிஞ்சின சாம்பார்ச் சோற்றைப் பூனைக்கு வைப்பதாக எழுதியிருந்தீர்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் வெந்திருந்தாலும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நாய்க்கும் ஆகாது, பூனைக்கு அறவே ஆகாது. வெறும் சோற்றில் வேகவைத்த மீனோ கோழியோ பிசைந்து வையுங்கள்.

இன்னொரு முறை சந்தேகம் வந்தால்

முதல் வேலை, நக்க விடாமல் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடிப்பது. ரோமத்தில் தூள் இருந்தால் தேய்க்காதீர்கள், பரவும். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு போட்டு அலசுங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்ததை நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், ஆனால் இனி வேண்டாம். பூனையின் சின்ன உடம்பில் உப்பு ஏறினால் அதுவே ஒரு விஷம். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் பயமும் இருக்கிறது. பால், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் உதவாது. உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கால் மாத்திரை கூடக் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. அந்த ஒரு மாத்திரையிலேயே நிறையப் பூனைகள் போயிருக்கின்றன.

செடியின் ஒரு கிளையையோ போட்டோவையோ எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, வாந்திக்குக் காத்திராமல் கிளம்புங்கள். ராத்திரியாக இருந்தால் போன் செய்து திறந்திருக்கிற இடத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். லில்லி என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நம் பக்கம் மாடும் ஆடும் கோழியும் பார்த்தே பழகின டாக்டர்கள் அதிகம். லில்லி அவர்கள் அடிக்கடி பார்க்கிற கேஸ் இல்லை. ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டால், சலைன் ஏற்ற வேண்டாமா, நாளைக்கும் மறுநாளும் கிரியேட்டினின் பார்க்க வேண்டாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

செவலையை மண்டியில் விடுவது பற்றி ஐயாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்: வீட்டில் வளர்ந்த பெண்பூனை லாரிக்கும் நாய்க்கும் நடுவில் எத்தனை நாள் தாங்கும்? லில்லியை அகற்றிவிட்டால் வீட்டிலேயே அது பத்திரமாக இருக்கும்.

அதற்கு முன் இன்று ஒரு காரியம் செய்ய வேண்டும். மயிலையின் சாம்பல் ரோமத்தில் தூள் பளிச்சென்று தெரிந்தது. செவலையின் நிறமே அந்த மகரந்தத்தின் நிறம். ஒட்டியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பழைய வெள்ளை வேட்டித் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, அதன் முகம், கழுத்து, முதுகு, வால் என்று ஒற்றிப் பாருங்கள். துணியில் காவி ஏறினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஏறாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ஒருமுறை ரத்தம் எடுத்துக் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள்.

தொட்டியைக் காலி செய்யும்போது பூவை முதலில் ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி, தூள் கொட்டாமல் தண்டோடு அறுத்துவிட்டுப் பிறகு கிழங்கைத் தோண்டுங்கள். குப்பைக்குழியில் போட்டால் மறுபடி முளைக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பூனைகளும் அங்கே வரும். ஆழக் குழி எடுத்துப் புதைத்துவிடுங்கள். வாசற்படியையும் தொட்டி இருந்த இடத்தையும் சோப்புத்தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட பிறகு செவலையை வெளியே விடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.